டிரம்முக்குப் போட்ட பட்டை

"எத்தினி வருஷமா நூல் நூக்குறேன் நூக்குறேன்ற, எனக்கு ஒரு கைக்குட்டையாவது கொண்டாந்து குடுத்தியாடி?"

என் அத்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்ட கேள்வி இது. அப்பாவின் தங்கை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் முதுநகரிலிருந்து பஸ் ஏறி நேராக மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். காபி டம்ளர் கைக்கு வந்ததும் முதல் கேள்வி கைக்குட்டை, இரண்டாவது கேள்வி கல்யாணம். இரண்டுக்கும் நான் ஒரே பதிலை வைத்திருந்தேன்.

"ஆவும்போது ஆவும் அத்த."

அத்தையைக் குற்றம் சொல்ல முடியாது. சிதம்பரத்தில் என்ன ஆராய்ச்சி பண்ணுகிறாய் என்று கேட்டவர்களிடம் எல்லாம் "கரண்ட்டுல நூல் நூக்குறேன்" என்று பெருமையாகச் சொல்லி வைத்தது நான்தான். கேட்டவர்கள் தறியும் பாவும் துணியுமாகக் கற்பனை செய்துகொண்டார்கள். நான் நூற்ற நூலோ தனியாக எடுத்தால் கண்ணுக்கே தெரியாது. ஒரு தலைமுடியை நீளவாக்கில் பல நூறாகப் பிளந்தால் வரும் கீற்றின் அளவுதான் அது. அதில் கைக்குட்டை நெய்து, அத்தை அதில் மூக்குச் சிந்துவதை நினைத்து நான் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

செய்முறை ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. கோந்திலும் சட்டைக்குப் போடும் கஞ்சியிலும் இருக்கிற ஒரு பாலிமர் பொடியை வெந்நீரில் கரைத்து, ஊசி போடுகிற சிரிஞ்சில் நிரப்ப வேண்டும். சிரிஞ்சை ஒரு சின்ன பம்ப் மெதுவாக அழுத்தும். ஊசி முனைக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்க வேண்டும். முனையில் தொங்கும் சொட்டு கீழே விழாமல் கூம்பாக இழுபடும். கூம்பின் நுனியிலிருந்து ஒரு இழை சீறிக்கொண்டு கிளம்பி, சுற்றிச் சுற்றிப் பறந்து, காற்றிலேயே காய்ந்து, எதிரே சுழல்கிற டிரம்மில் போய் உட்காரும். டிரம்மின் மேல் அலுமினியத் தாள் சுற்றியிருப்போம். மணிக்கணக்கில் நூல் விழுந்த பிறகு அந்தத் தாளின் மேல் வெள்ளையாக, மிருதுவாக, துணி மாதிரியும் காகிதம் மாதிரியும் ஒன்று படிந்திருக்கும். அதை நாங்கள் மேட் என்போம்.

2007இல் நான் சேர்ந்தபோது அந்த ஆய்வுக்கூடத்தில் இந்தக் கருவி கிடையாது. ஹை வோல்டேஜ் பெட்டி மட்டும் வாங்கித் தந்தார்கள். மீதி எல்லாம் நாங்களே சேர்த்ததுதான். டிரம் லேத் பட்டறையில் கடைந்தது. அதைச் சுற்றுவது தையல் மெஷின் மோட்டார். கருவிக்குப் பக்கத்தில் போகும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் சட்டம். இரண்டு கையாலும் எதையாவது தொட்டு மின்சாரம் நெஞ்சு வழியாகப் போய்விடக் கூடாது என்பதற்காக. முதல் நாள் டிரம்மில் வெள்ளை படிந்ததைப் பார்த்தபோது நான் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டே குதித்தேன். அந்தச் சந்தோஷம் இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது. வெளிநாட்டில் பெரிய பெரிய இடங்களில் செய்கிற வேலையை, கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம், தையல் மெஷின் மோட்டாரை வைத்து நாங்கள் செய்தோம்.

'நாங்கள்' என்றால் நானும் என் தோழியும். அவள் குமராட்சிப் பக்கம், நெல் விவசாயக் குடும்பம். அவளுடைய ஆராய்ச்சி முந்திரிக்கொட்டைத் தோலில் இருக்கும் எண்ணெயிலிருந்து பிசின் செய்வது. அண்ணாகிராமத்திலிருந்து மூட்டையில் தோலைக் கொண்டுவந்து வைத்திருப்பாள். அந்த எண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். என் நூல் வெள்ளை வெளேர் என்று இருப்பதைப் பார்த்து அவளுக்குப் பொறாமை. "உனுக்கு மட்டும் கல்யாண வேல மாரி வெள்ள வெள்ளயா வருது, எனுக்கு மட்டும் காரியத்து வேல மாரி ஒரே கறுப்பு" என்பாள்.

வெள்ளையாக வந்ததே தவிர, என் வேலை நடக்கவில்லை. நான் வெறும் பாலிமர் நூல் நூற்க வந்தவள் இல்லை. அதற்குள் களிமண்ணைச் சேர்த்து நூலை வலுவாக்க வந்தவள். இந்தக் களிமண்ணை ஒரு அப்பளக் கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அப்பளமும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசு. கட்டு பிரிந்து ஒவ்வொரு அப்பளமும் தனித்தனியாக நூலுக்குள் பரவினால் நூல் வலுவாகும். கட்டு கட்டாகவே உள்ளே போனால் அந்த இடத்தில் முடிச்சு விழுந்து, இழுத்தவுடன் அங்கேயே அறுந்துவிடும்.

எனக்கு அறுந்துகொண்டே இருந்தது. களிமண் போட்ட மேட், போடாத மேட்டைவிட நைந்ததாக வந்தது. என் ஆய்வேட்டின் தலைப்பை முதல் வருடமே பதிவு செய்தாகிவிட்டது. 'களிமண்ணால் வலுவூட்டப்பட்ட' என்றுதான் அது ஆரம்பிக்கும். வலு தலைப்பில் இருந்தது, நூலில் இல்லை. வலு வரவில்லை என்றால் ஆய்வேடும் இல்லை, பட்டமும் இல்லை. 2010இல் எனக்குக் கொடுத்த கால நீட்டிப்பு கடைசி நீட்டிப்பு என்று என் வழிகாட்டியான மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் பியூனாக இருந்தார். ஆபீசர் வந்தால் எழுந்து நிற்பது, போனால் எழுந்து நிற்பது, மணி அடித்தால் எழுந்து ஓடுவது. உடம்பில் ஊறிவிட்ட பழக்கம். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆபீசரிடமிருந்து போன் வந்தால்கூட, எச்சில் கையோடு எழுந்து நின்றுகொண்டுதான் "சொல்லுங்கய்யா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "போன்ல அவுருக்கு நீ நிக்கிறது தெரியுதாப்பா? உக்காந்து பேசேன்" என்று கத்துவேன். அவர் சிரித்துவிட்டு மறுபடி நிற்பார். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறியது நான். அத்தை கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் "அது முடிச்சிட்டு வரட்டும்" என்ற ஒரே வாக்கியத்தோடு அதை நிறுத்தியது அப்பா. முடிக்காமல் எந்த முகத்தோடு போய் அவர் முன்னால் நிற்பேன் என்பதுதான் அப்போது எனக்கிருந்த பயம்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போலக் கூடத்தையே கழுவித் துடைத்தோம். மைக்ராஸ்கோப், தராசு, அடுப்பு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரிகடலை. நான் கிறிஸ்தவப் பெண் என்றாலும் கோலம் போடுவது என் வேலை, ஏனென்றால் மற்றவர்கள் கோலம் பார்க்கச் சகிக்காது. தோழி விபூதித் தட்டை ஏந்திக்கொண்டு என் கருவி முன்னால் வந்து நின்றாள்.

"இதுக்கு நெத்தி எதுடி?"

பெட்டியா, பம்ப்பா, மோட்டாரா என்று இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். கடைசியில் நூல் வந்து உட்காருகிற இடம் டிரம்தான், அதனால் அதுதான் நெற்றி என்று முடிவானது. புதிதாக அலுமினியத் தாள் சுற்றி மினுமினுவென்று இருந்த டிரம்மில், மூன்று விரலால் நீளமாகப் பட்டை போட்டாள். அம்சமாகத்தான் இருந்தது.

சண்டை அதற்கப்புறம்தான் வந்தது. முந்தின சாயங்காலம்தான் களிமண்ணைத் தண்ணீரில் போட்டு ஊறவைத்திருந்தேன். வழக்கமாக ராத்திரி ஊறட்டும் என்று விட்டு, மறுநாளே பாலிமரோடு கலந்து நூற்றுவிடுவேன். பூஜை முடிந்ததும் அதைக் கலக்குகிற ஸ்டிரரைப் போடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூஜ போட்டப்புறம் எந்த மெஷினும் ஓடக் கூடாது. தொறக்கிற அன்னிக்குத்தான்."

"அதெல்லாம் பஸ்ஸுக்கு லாரிக்கு. எனுக்கு டைம் இல்லடி."

"பஸ்ஸுக்காரனுக்கு இருக்கிற பயம் உனுக்கு இல்லியா? எங்க ஊரு மினி பஸ்ஸே ரெண்டு நாளு நிக்குது. போ, ஊருக்குப் போயி கறிசோறு துன்னுட்டு வா."

சாவி அவளிடம் இருந்தது. நான் திட்டிக்கொண்டே களிமண் பீக்கரை மூடி வைத்துவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். அத்தை வந்தாள், கைக்குட்டை கேட்டாள், போனாள்.

விடுமுறை முடிந்து திறந்த அன்று, டிரம்மைத் துடைக்க ஈரத் துணியை எடுத்தேன். அதற்கும் தடை. பூஜை போட்ட மெஷினைத் துடைக்காமல் அப்படியே ஓட்ட வேண்டுமாம். பஸ்காரன் கண்ணாடியில் வைத்த சந்தனத்தோடுதானே ஓட்டுகிறான் என்றாள். எனக்கு வாதாடத் தெம்பில்லை. எங்களுக்கும் விபூதிப் புதன் உண்டு, நெற்றியில் சாம்பலோடுதான் அன்று முழுக்கத் திரிவோம். சரி, போய்த் தொலையட்டும் என்று பட்டையை அப்படியே விட்டேன். பீக்கரில் களிமண் தண்ணீர் கெட்டித் தயிர் போல உறைந்து, கவிழ்த்தாலும் விழாமல் அடம்பிடித்தது. அதற்கும் அவளைத்தான் திட்டினேன். "பாரு, உன் பூஜையால இது கெட்டே போச்சு." கரண்டியால் வழித்துப் பாலிமரோடு கலந்து, பட்டைக்கு மேலேயே நூற்றேன்.

அந்த மேட்டைக் கீற்றுகளாக வெட்டி, இழுத்துப் பார்க்கும் கருவியில் மாட்டினோம். இரண்டு தாடைகளும் மேட்டைப் பிடித்து மெதுவாக விலகும். திரையில் கோடு ஏறும். எங்கே அறுகிறதோ அங்கே கோடு விழும். என் களிமண் மேட் வழக்கமாக அறும் உயரத்தைக் கோடு தாண்டியது. வெறும் மேட் அறும் உயரத்தையும் தாண்டியது. இன்னும் ஏறியது. அடுத்த கீற்றும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"அறுவலடி!" என்று நான் கத்த, அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நடராஜா!"

சென்னையில் ஒரு நிறுவனத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு முறை கேட்டு வைத்திருந்தோம். அது மழைக்காலத்தில் கிடைத்தது. அந்தக் கருவி படமும் எடுக்கும், பொருளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்றும் சொல்லும். படத்தில் என் நூல்கள் முடிச்சு இல்லாமல் வழவழவென்று கிடந்தன. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. மேட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பி வைத்தபோது திரையில் கால்சியம் என்று ஒரு கோபுரம் எழுந்தது. சின்னக் கோபுரம் இல்லை. என் பாலிமரில் கால்சியம் கிடையாது. நான் வாங்கிய களிமண்ணிலும் அந்த அளவுக்குக் கிடையாது.

மேடம் அந்தத் தாளை மேஜை மேல் வைத்தார். அவர் கோபப்பட்டுப் பேசுகிறவர் இல்லை, அதுதான் பயம்.

"இது எங்கேருந்து வந்துது?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் ஆய்வு வழிகாட்டியிடம் விபூதி என்று எப்படிச் சொல்வது? வெளியே வந்து, கடையில் வாங்கிய அதே விபூதிப் பாக்கெட்டைத் தேடி எடுத்தேன். ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தட்டில் வைத்து, நீர்த்த அமிலத்தில் ஒரு சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. பின்னாலிருந்து தோழி அலறினாள்.

"அடிப் பாவி! விபூதில ஆசிட் ஊத்துறியே!"

"இது விபூதி இல்லடி. சுண்ணாம்புக்கல் மாவு."

அவள் குனிந்து நுரையைப் பார்த்தாள். முகம் மாறியது. "கடக்காரன் சுண்ணாம்பையா சாம்பல்னு வித்தான்? நாளைக்கே போயி அவன நாலு கேள்வி கேக்குறேன்." சொன்னபடி போய்க் கேட்டுவிட்டும் வந்தாள்.

மேடத்திடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்போ உன்னோட பெஸ்ட் சாம்பிள்ல களிமண்ணும் இருக்கு, இந்தப் பவுடரும் இருக்கு. வலு எதனால வந்துது? களிமண்ணுன்னு நீ வாயால சொல்லாத. காட்டு."

விபூதி இல்லாமல் ஒரு மேட் செய்து இழுத்துப் பார்த்தால் முடிந்தது என்று நினைத்தேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கடற்கரை ஊர் ஈரத்தில் இந்த நூல் காயாது, பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். கருவியைச் சுற்றி பிளைவுட்டில் ஒரு கூண்டு அடித்து, உள்ளே குண்டு பல்பு போட்டுச் சூடாக்கினோம். நடுவில் கரண்ட் போய்விடும். பம்ப் நின்று, முனையில் நின்ற சொட்டு மேட் மேல் விழுந்து ஓட்டை போடும். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். கடைசியில் ஒரு நல்ல மேட் கிடைத்தது. களிமண் உண்டு, விபூதி இல்லை.

இழுத்தோம். கோடு கொஞ்சம் ஏறி, பழைய இடத்திலேயே விழுந்தது.

இன்னொரு கீற்றும் அதேதான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தோழி கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என் தோளைத் தொட்டாள். இத்தனை வருடப் படிப்பு போய், கடைக்காரன் விற்ற சுண்ணாம்பு மாவுதான் ஜெயித்தது என்றால் நான் எதற்கு? இந்தத் தலைப்பு எதற்கு? வீட்டுக்குப் போய் அப்பாவிடம் முடியவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட அன்று யோசித்தேன்.

மேடம் அசரவில்லை. "விபூதி போட்டு ஒண்ணு பண்ணு. அதையும் பாத்துடலாம்."

எனக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் செய்தேன். முந்தின சாயங்காலம் களிமண்ணை ஊறவைத்தேன். காலையில் தோழி தாள் சுற்றிய டிரம் முன்னால் விரலில் விபூதியோடு நின்றாள். நான் பீக்கரைச் சாய்த்தேன். களிமண் தண்ணீர் நீர்மோர் மாதிரி சளசளவென்று ஓடியது.

அப்படியே நிமிர்த்திவிட்டேன்.

"என்னாடி?" என்றாள்.

"அன்னிக்கு இது ஊத்தல."

"எது?"

"களிமண்ணு. பூஜ முடிஞ்சி வந்த அன்னிக்கு இது கவுத்தாலும் உழல. தயிர் மாரி இருந்துது. நான் கரண்டியால வழிச்சேன். கெட்டுப் போச்சுன்னு உன்னக்கூடத் திட்டுனேன்."

"ஆமா, நல்லாத் திட்டுன."

"கெட்டுப் போவலடி. ஊறியிருக்கு!"

அவள் விரலில் விபூதியோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் விளக்கினேன். ஒரு ராத்திரி ஊறினால் கட்டின் மேல் அப்பளங்கள் மட்டும்தான் பிரியும், நடுவில் இருப்பது கட்டாகவே நூலுக்குள் போகும். பூஜைக்கு மெஷினைத் தொடக் கூடாது என்று அவள் பூட்டிவைத்த நாட்களில் தண்ணீர் ஒவ்வொரு அடுக்காக உள்ளே புகுந்து, கட்டு முழுக்கப் பிரிந்துவிட்டது. பிரிந்த ஒவ்வொன்றும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டதால்தான் அந்தத் தயிர். இத்தனை வருடமும் நான் அவசரப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். நிறுத்திவைத்தது அவள்.

அதற்கப்புறம் வேலை ஒழுங்காக நடந்தது. வெறும் பாலிமரை விபூதிப் பட்டை மேல் நூற்றோம். ஒரு ராத்திரி ஊறிய களிமண்ணைப் பட்டை மேல் நூற்றோம். பூஜை விடுமுறையில் ஊறியது போலவே நாள்கணக்கில் ஊறிய களிமண்ணைப் பட்டை இல்லாமல் சுத்தமான தாளில் நூற்றோம். இழுத்துப் பார்க்கிற அன்று மேடமும் வந்து நின்றார். விபூதி மேல் நூற்ற வெறும் மேட், சாதாரண மேட் அறும் இடத்திலேயே அறுந்தது. ஒரு ராத்திரிக் களிமண், விபூதி இருந்தும், வழக்கம்போலச் சீக்கிரமே போனது. கடைசியில் நாள்கணக்கில் ஊறிய களிமண். பட்டை இல்லாதது. கோடு ஏறியது, ஏறியது, பூஜை மேட் அறுந்த உயரத்தைத் தொட்டு, அதற்கும் கொஞ்சம் மேலே போய்த்தான் விழுந்தது.

மேடம் அப்போதுதான் சிரித்தார். "இப்போ சொல்லு, களிமண்ணுன்னு."

"களிமண்ணுதான் மேடம்" என்றேன்.

எக்ஸ்-ரே சோதனையிலும் அதுவே தெரிந்தது. அடுக்கு இருந்தால் வரைபடத்தில் வர வேண்டிய மேடு, நாள்கணக்கில் ஊறியதில் காணாமல் போயிருந்தது. களிமண் ஊறும் காலமும் நூலின் வலுவும் என்பது என் ஆய்வேட்டின் நடு அத்தியாயமாகி, அதுவே முதுகெலும்பாகவும் ஆனது. அட்டவணையில் விபூதிக்கும் ஒரு வரிசை கொடுத்தேன். கால்சியம் கார்பனேட் என்றுதான் எழுதினேன். தோழி அதைப் படித்துவிட்டு, "என் சாமிய இப்பிடி இங்கிலீஷ்ல திட்டிட்டியேடி" என்றாள்.

கடலூரைப் புயல் புரட்டிப்போட்டதற்கு அடுத்த வருடம், 2012இல், என் வாய்மொழித் தேர்வு நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். அப்பா வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மா கையில் ஜெபமாலை. அத்தையும் வந்துவிட்டாள். மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்று சொல்லக் கூடாது. அப்பா உட்காரவே இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். பேராசிரியர் வந்தால் நின்றார், மாணவர் வந்தால் நின்றார், மைக் செட்காரருக்குக்கூட நின்றார். நான் மேடையிலிருந்து கண்ணாலேயே முறைத்தேன். பலனில்லை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நேராக நடு அத்தியாயத்துக்கே வந்தார்.

"எல்லாரும் ஒரு ராத்திரி ஊறவைக்கிறதோட விட்டுடுவாங்க. இவ்ளோ நேரம் ஊறவைக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

ஆய்வு நூல்களைப் படித்ததில் தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். மேடத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"தோணல சார். ஆயுத பூஜைக்கு மெஷின ஓட்டக் கூடாதுன்னு என் ஃப்ரெண்ட் லேபைப் பூட்டிட்டுப் போயிட்டா. அதுல ஊறிடுச்சு."

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்காமல் பக்கத்தைப் புரட்டினார். "இந்தக் கால்சியம் கார்பனேட் வரிசை?"

"அது டிரம்முக்குப் போட்ட விபூதி சார். வலு அதனால வந்திருக்குமோன்னு சந்தேகம் வந்துது. அதனால அத மட்டும் தனியா நூத்துப் பாத்தோம். வரல."

"பட்டை போட்டது நான்தான் சார்!" என்று தோழி எழுந்து நின்றாள். இப்போது தேர்வாளரும் சிரித்துவிட்டார். "சந்தேகத்த மறைக்காம அட்டவணையில போட்டீங்களே, அது நல்லா இருக்கு" என்றார். அதற்கப்புறமும் கேள்விகள் கேட்டார், ஒன்றையும் விடவில்லை. ஒன்றுக்கும் நான் திணறவில்லை. அந்த நூலின் ஒவ்வொரு முழமும் எனக்குத் தெரியும். அது என் கை வேலை.

பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாக அறிவித்தார். கைதட்டல். தோழி கறுத்த விரல்களோடு என்னைக் கட்டிக்கொண்டதில் என் புடவைத் தோளில் இரண்டு கறை. அது இன்றுவரை போகவில்லை, நானும் போக்கவில்லை.

அத்தைக்காக ஒன்று கொண்டுவந்திருந்தேன். நாள்கணக்கில் ஊறிய களிமண் மேட்டில் ஒரு சதுரம், கைக்குட்டை அளவுக்கு வெட்டியது. அவள் அதை விரலில் தடவிப் பார்த்தாள், இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்காடி இத்தினி வருஷம்?"

"இதுக்குத்தான் அத்த. மூக்கு மட்டும் சிந்திடாத, தண்ணி பட்டா கரஞ்சிடும்."

அவள் அதை நாலாக மடித்து, பைபிள் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அன்று கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் அப்பாவிடம் போனேன். அரங்கம் காலியாகிக்கொண்டிருந்தது. பேராசிரியர்கள் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். கதவில் யாரும் இல்லை. ஒரு வழியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், நான் கிட்டே வந்ததும் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"எல்லாரும் போயிட்டாங்கப்பா. இப்ப யாருக்கு நிக்கிற?"

"டாக்டர் வந்தா எந்திரிக்கணும்ல."

வாழ்க்கை முழுக்க அப்பா எழுந்து நின்றதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கிறது. உட்காரப்பா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.